அயோடின் ஊற்றுவதற்கு முன்

அக்காவுக்கு வீட்டில் நான் வைத்த பெயர் கழுவல் ராணி. லேப்பில் நாளெல்லாம் மூலிகை இலைகளைக் கழுவுவதுதான் அவள் வேலை. வெளியே ஒட்டியிருக்கும் கிருமிகளைக் கொன்றுவிட்டு, இலையை அரைத்து மாவுச்சத்துத் தட்டில் தடவுவாள். இலைக்குள் குடியிருந்த பாக்டீரியா புள்ளி புள்ளியாக முளைக்கும். அதில் எது மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசிக்குள் நல்லதாக ஒன்றைக் காட்டினால்தான் வேலை நீடிக்கும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

தட்டில் அயோடின் ஊற்றினால் எல்லாம் கருநீலமாகும். மாவுச்சத்து கரைந்த இடம் மட்டும் வெளுத்து வளையமாகத் தெரியும். ஆனால் அயோடின் பட்ட பாக்டீரியா பிழைக்காது. அதனால் முதலில் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டு வேறு தட்டில் நகல் வளர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் காது புளிக்கச் சொல்பவளே இவள்தான்.

அன்றைக்கு அவள் அரைத்துத் தடவியிருந்தது, எங்கள் வீட்டுப் பின்சுவரோரம் இருந்த ஒற்றைக் கீழாநெல்லியில் கிள்ளிய இலை. அவசரத்தில் நகல் எடுக்காமல் ஊற்றிவிட்டாள். இதுவரை பார்க்காத அகலத்துக்கு வளையம் விழுந்ததாம். துள்ளிக் குதித்தவள், நகல் இல்லை என்று உறைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் ஆறுதல் சொன்னதற்கு முறைத்தாள்.

மறுபடி இலை கிள்ளலாம் என்று அவள் செடியைத் தேடி ஓடி வந்தால் பின்பக்கம் பளிச்சென்று இருந்தது.

"களைன்னு நெனச்சுப் பிடுங்கிட்டேன்டி. ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

வேறு கீழாநெல்லி ஆகாதா என்று கேட்டேன்.

"அதுக்குள்ள யாரு குடியிருக்காங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா.

முட்டிவலியோடு அம்மாவே குப்பைக் குவியலில் உட்கார்ந்து கிளறினாள். அடியில் வேரோடு அகப்பட்டது, வாடி வதங்கி. நல்ல இலைகளை மட்டும் அக்கா கொண்டுபோனாள்.

அடுத்த வாரம் லேப்பிலிருந்து ஃபோன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஊத்தவே கை வரலைம்மா. பயமா இருக்கு."

"நகல் எடுத்தியா?"

"நாலு எடுத்துட்டேன். இதுல அது இல்லாமப் போயிட்டா?"

"ஊத்தாம வச்சிருந்தா மட்டும் வந்துடுமா? ஊத்துடி."

ஃபோனை மேசையில் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு அழுகை கேட்டது. எந்த அழுகை என்று தெரியாமல் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இருக்கும்மா," என்றாள்.

அம்மா ஃபோனை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போனாள். அந்தச் செடியின் வேரை அன்றைக்கே சுவரோரம் ஊன்றி வைத்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் ஊற்றினாள்.