பாதிச் சவரத்தில் ஒரு சமாதானப் பேச்சு

சவரக் கத்தி பிடிக்கிறவனுக்குக் கையைவிட வாய்தான் நிதானமாக இருக்கணும். கத்தரி பிடித்துக் காலம் தள்ளும் சக கஷ்டஜீவிகளே, எண்பத்திரண்டில் ரியாத் பத்தாவில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்!

கடையின் கொள்கை

என் வாடிக்கைக்காரர்களில் இரண்டு பேர்தான் வில்லங்கம். வாத்தியார் ஹசன் பாலஸ்தீனர். ஃபோர்மேன் மஹ்மூத் எகிப்துக்காரர். எகிப்து அரசு இஸ்ரேலோடு தனியாக ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஹசனுக்கு மஹ்மூதைக் கண்டாலே ஆகாது. இரண்டு பேரும் வியாழன் சாயங்காலம்தான் வருவார்கள். என் கடையிலோ இரண்டே நாற்காலி, ஆள் நான் ஒருத்தன். ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, பவுடர் டப்பா பறந்து கண்ணாடி உடைந்தது.

கடைக்கு முதலாளியும் என் விசாவுக்குப் பொறுப்பானவருமான சவூதிக்காரர், கஃபீல், ஓடிவந்தார். இன்னொரு சண்டை நடந்தால் என்னை ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவாராம்.  அண்ணன் சவூதியில் இருக்கிறான் என்பதற்காகவே புதுக்கோட்டையில் என் தங்கச்சிக்கு நிச்சயம் முடிந்திருந்தது. "அவங்க கேட்டா நான் யார் பக்கம் பேசட்டும் முதலாளி?" என்றேன்.

"எங்க அரசாங்கம் என்ன சொல்லுதோ, அதைத்தான் இந்தக் கடையும் சொல்லணும்!"

ஒப்பித்த பாடம்

அரசாங்கம் சொல்வது எனக்கெங்கே தெரியும்? கடைப் பேச்சு அரபிதான் எனக்கு வரும், ரேடியோவின் அரபுச் செய்தி ஒரு மண்ணும் புரியாது. டீக்கடை பஷீர் பாய் சொல்லிக் கொடுத்ததை நெட்டுருப் போட்டேன்: பிடித்த நிலத்தை விட்டு இஸ்ரேல் போகணும், பாலஸ்தீனருக்குத் தனி நாடு வேணும், அப்புறம் எல்லா நாட்டுக்கும் சமாதானம். முடிவெட்ட ஹசன் தலையில் நான் கை வைத்ததும் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் புதுக் கண்ணாடி வழியாக என்னை முறைத்தார்.

"திட்டம் நல்லாத்தான் இருக்கு, முதல்ல என் ரெண்டு கிருதாவையும் ஒரே அளவா வெட்டு!"

பாதி முகம்

அடுத்த வியாழன் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வந்து தொலைத்தார்கள். ஒருத்தருக்கு நுரை ஊறும்போது அடுத்தவருக்குக் கத்தி, அதுதான் நம் வழக்கம். ஆளுக்குப் பாதி முகம் முடிந்த நேரம், அரபுத் தலைவர்கள் கூடி, நான் ஒப்பித்த அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டதாக ரேடியோ சொன்னதாம், பிறகு பஷீர் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நாங்க இஸ்ரேலோட நாலு வருஷம் முன்னாடியே பேசிட்டோம்" என்றார் மஹ்மூத்.

"எங்களைக் கேக்காம பேசினீங்க!" என்று ஹசன் துண்டை உருவிக்கொண்டு எழுந்தார். மஹ்மூதும் எழுந்தார். போச்சுடா, தங்கச்சி கல்யாணம் அவ்வளவுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டேன்.

"கலாஸ், முடிஞ்சுது! நீங்க பேசி முடிக்கிறவரை மிச்சப் பாதி கிடையாது!"

பாதி மீசையோடு எந்த ஆம்பிளை பத்தா கடைவீதியில் இறங்குவான்? இரண்டு பேரும் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் மஹ்மூத்தான். பஷீர் பாய் டீ கொண்டுவந்தார். அரைமணி நேரம் இருவரும் என்னென்னவோ பேசினார்கள், அவ்வப்போது என்னைக் கைகாட்டிக் கத்தினார்கள். அந்த நேரம் பார்த்தா கஃபீல் உள்ளே நுழையணும்! "மறுபடி சண்டையா?" என்று அவர் உறுமினார். ஹசன்தான் வாயைத் திறந்தார்.

"சண்டையெல்லாம் இல்ல, நாங்க ரெண்டு பேரும் ஒத்துமையா உங்க ஆளைத் திட்டிக்கிட்டிருக்கோம்!"

தலைவர்களின் சமாதானம் இன்றுவரை பாதிச் சவரத்திலேயே நிற்கிறது, என் தங்கச்சி கல்யாணம் மட்டும் குறித்த தேதியில் ஜாம்ஜாமென்று நடந்தது.