பதினொன்று இருபதுக்கு ஒரு சேவ்

டிப்ளமோ படித்த நாட்களில் விருதுநகர் பிரவுசிங் சென்டரில் நான் விளையாடிய பழைய துப்பாக்கி விளையாட்டு ஒன்று, படமெல்லாம் துலக்கமாகி 2014-இல் மறுபடி வந்தது. அப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பகல் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் வாடகை அறை. கூட இருந்தவன் ராமநாதபுரத்துக்காரன். வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். காலையில் இருவரும் சேர்ந்தே இறங்கி, எதிரெதிர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்போம்.

பழைய விளையாட்டில் எந்த இடத்திலும் நாமே சேமித்துக்கொள்ளலாம். கதவுக்கு முன் ஒரு சேவ், கதவைத் திறந்ததும் ஒரு சேவ் என்று பயந்து பயந்துதான் அன்று முடித்திருந்தேன். புதியதில், கட்டம் தாண்டும்போது விளையாட்டே தானாகவும் சேமிக்கும். முந்தையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும். இம்முறை ஆகக் கடினமான நிலையில், கையால் ஒருமுறைகூடச் சேமிக்காமல் முடிப்பதென்று வீம்பாகத் தொடங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அறையில் இருந்த என் கம்ப்யூட்டரில் திறந்தபோது, ஒன்பது குண்டுகளோடு நான் விட்டுவைத்த ஜெனரேட்டர் அறையை ஆட்டம் தாண்டியிருந்தது. உயிர் முழுதாக இருந்தது. எதிரிகள் இரண்டே குண்டில் விழுந்தார்கள். பார்த்தால், யாரோ நிலையை ‘ஈசி’க்கு மாற்றியிருந்தார்கள்.

“மாப்ள, நீ தொட்டியா?”

“ஒன்னோடதான காலைல எறங்குனேன்” என்றான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

சேவ் ஃபைலின் நேரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. இருவரும் வேலையில் இருக்கும் நேரம். மாற்றுச் சாவி கீழே வீட்டுக்கார அக்காவிடம் இருந்தது. மறுநாள் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“இன்னாப்பா, எதுனா காணாம பூட்ச்சா?” என்று என்னை உற்றுப் பார்த்தவர், ஆணியிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். “இத்த நீயே வச்சிக்கோ. என் வூட்டு ஆளுங்க மேல சந்தேகம் வோணாம்.”

அதன் பிறகு அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் சேவ்கள் நிற்கவில்லை. ஒருநாள் பத்து மணிக்கு, இன்னொரு நாள் இரண்டே முக்காலுக்கு. இனி மிச்சம் அவன் ஒருவன்தான். கவனிக்கத் தொடங்கினேன். மாலையில் கழற்றிப் போடும் யூனிஃபார்மில் எண்ணெய்க் கறையே இல்லை. வேலைக்குப் போகாமல் என் விளையாட்டைக் கெடுக்கிறான் என்று கண்டுபிடித்த பெருமையில், ஏன் போகவில்லை என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லி மதியமே வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. திறந்தவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பின்னால் திரையில் என் விளையாட்டு.

“எங்க புரொடக்சன் லைன நிறுத்திட்டாய்ங்கடா” என்றான். “மூணு வாரமாச்சு. காண்ட்ராக்ட் ஆளுக எல்லாத்தையும் அனுப்பிட்டாய்ங்க.”

“அப்ப காலைல எங்க போற?”

“நீ பஸ் ஏறுற வரைக்கும் நிப்பேன். அப்புறம் கம்பெனி கம்பெனியாப் போயி கேட்ல பயோடேட்டா குடுப்பேன். வெயில் ஏறுனா இங்க வந்துருவேன்.”

அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது வேறு. “அத ஏன்டா ஈசியில வச்ச?”

“எந்தக் கேட்லயும் உள்ள விட மாட்றாய்ங்க. இதுலயாவது கதவு தெறக்கட்டுமேன்னுதான்.”

கோபம் முழுதாக இறங்கவில்லை. வெட்கமும் சேர்ந்துகொண்டது. “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ரூம விட்டுப் போகச் சொல்லிருவியோன்னு இருந்துச்சு.”

நான் அவனைச் சந்தேகித்த நாட்களிலெல்லாம் அவனும் என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றே அவனுக்குத் தனியாக ஒரு சேவ் திறந்து கொடுத்தேன். என் சூப்பர்வைசரிடம் அவனுக்காகக் கேட்டுப் பார்த்தேன், இடமில்லை என்றார். ஆனாலும் தினமும் மாலையில் என் ஃபைலின் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அவன் கண்டும் காணாததுபோல் படுத்திருப்பான். பிறகு ஒருநாள்கூட அவன் அதைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறைமலை நகரில் அவனுக்கு வேலை கிடைத்தது. கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஹாஸ்டல். பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாப் வரை நானும் போனேன். பஸ் வளைவில் தெரிந்ததும் பையை வாங்கிக்கொண்டு கேட்டான்: “இப்பயும் அந்த ஃபைல் நேரத்தப் பாக்குற, இல்ல?”

“ஆமாடா” என்றேன்.

தலையாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டான்.