ரீமாஸின் ரத்தக் கொழுப்பும் வஸ்மிய்யாவின் ஆறு மாதங்களும்

வஸ்மிய்யா ராஷித் அல்-முனைஃபி (1966–2019). குவைத்தில் ஒரு பெண்கள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். கணவர் முபாரக் நாற்பத்தொரு வயதில் மாரடைப்பால் இறந்தபின், ஒரே மகள் ரீமாஸை வளர்ப்பதொன்றே அவருக்கு மிஞ்சிய வேலையாயிற்று.

ரீமாஸுக்குப் பன்னிரண்டு வயதில் எடை எழுபத்தொரு கிலோ. ரத்தத்தில் கொழுப்பு மிகுந்திருந்தது. "ஆறு மாசம் எடையக் குறைச்சுப் பாப்போம். அப்பவும் எறங்கலன்னா மாத்திரைதான்" என்றார் டாக்டர் அல்-அனூத். கணவரின் தலைமாட்டில் கிடந்த மாத்திரைப் பட்டைகளை வஸ்மிய்யா மறந்திருக்கவில்லை. மகளை அந்த வரிசையில் சேர்க்கக் கூடாது என்று உறுதி கொண்டார்.

வெளியே நடக்க முடியாத வெயில். அலுவலகம் முடிந்ததும் வணிக வளாகத்துக்குள், கடை கடையாக, மகளுடன் சுற்றி நடப்பார். அவர் கால்கள் வீங்கின. வீட்டிலோ அதே கூரையின்கீழ் வாழ்ந்த நாத்தனார் ஹெஸ்ஸா.

"அண்ணி, பிள்ளைய ஒட்டகமாவா பழக்குறீங்க? தண்ணியும் இலையும் போட்டு?"

"ஒட்டகம் நடக்கவாவது செய்யுது. நீ சோபாவ விட்டு எந்திரிச்சு எத்தன நாளாச்சு?"

ரமலான் வந்தபோது ரீமாஸ் ஏழு கிலோ குறைந்திருந்தாள். மறு பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும் என்றார்கள். முந்தைய நாள் நோன்பு திறந்ததற்குப் பிறகு வஸ்மிய்யா மகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையாததோடு முன்னைவிடக் கூடியிருந்தது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடை எறங்கியிருக்கு, இது ஏறியிருக்கு. கடைசியா எப்ப சாப்ட்டா?"

"நோன்பு தெறந்தப்ப. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"விடியுமுன்ன ஸஹருக்கு ஹரீஸ் சாப்ட்டேனே, யும்மா" என்றாள் ரீமாஸ்.

"அதையா சொல்ற? நோன்பு புடிக்கிற பிள்ளைய வெறும் வயித்தோடயா விடுவாங்க, டாக்டர்? ஒரு சின்னக் கிண்ணம் கோதும-கறிக் கஞ்சி. ஹெஸ்ஸா கிண்டினது."

"நெய் ஊத்தினாங்களா?"

"நெய்யில்லாம ஹரீஸ் எப்படித் தொண்டையில எறங்கும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்த நெய்தான் ரத்தத்துல ஏறியிருக்கு. பெருநாள் முடியட்டும். திரும்ப எடுப்போம்."

விடியலுக்கு முன் உண்ணும் அந்தக் கிண்ணத்தை வஸ்மிய்யா ஓர் உணவாக எண்ணியதே இல்லை. அது நோன்பின் ஒரு பகுதி, அவ்வளவே.

பெருநாளுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் டிரைகிளிசரைடு முதல் முடிவில் இருந்ததில் பாதியாகியிருந்தது. நல்ல கொழுப்பு சற்று உயர்ந்திருந்தது. வஸ்மிய்யா நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் அடுத்த வரிக்கு வந்தார். கெட்ட கொழுப்பு ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது சாப்பாட்டால மட்டும் வந்ததில்ல. அவ அப்பாகிட்டேர்ந்து வந்தது. எடை கொறைஞ்சாலும் இது கொஞ்சந்தான் அசையும். மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

"ஏழு கிலோ போயுமா?"

"அது வீணில்ல. மத்த ரெண்டும் அதனாலதான் சரியாச்சு. நடக்கறத விட்றாதீங்க."

 "இவ ஆயுசுக்கும் போடணுமா?" என்று கேட்டார் வஸ்மிய்யா. "ஆமா" என்றார் டாக்டர். மாத்திரையை எந்த வேளையில் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு வஸ்மிய்யா எழுந்தார். அன்று மாலையும் வளாகத்தில் நடந்தார்கள். வழக்கத்தைவிட மெதுவாக.

அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கெட்ட கொழுப்பு படிப்படியாக இறங்கியது. கால் வீக்கத்தை நடையின் களைப்பென்று தள்ளிவந்த வஸ்மிய்யாவின் சிறுநீரகங்கள்தாம் அதற்குள் கெட்டுப்போயின. ரீமாஸுக்காக மருந்தகத்தின் வரிசையில் அவர் கடைசியாக நின்றது 2019 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை.