மேளம் நின்ற வாசல்

எமலினிடம் எந்தக் குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர: எதையும் மறக்கமாட்டாள். கேகாலைப் பக்கத்து அந்த ஊர் விகாரைக்கு மேளம் அடிக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பூசைக்கு அவள் புருஷன் பின்சாவின் மேளம் வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் விகாரைக்கு வேண்டாம்.

அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னவர் விகாரைச் சபைத் தலைவர் ஹேரத் பண்டா. மகன் குணதாசவுக்குக் காவி உடுக்க ஆசை வந்த வருஷம், வெற்றிலைக் கட்டோடு அவர் வாசலில் போய் நின்றாள்.

"மேளக்காரன் பிள்ளை சாமியாயிட்டா, நாளைக்கு நான் அது கால்ல விழணுமாக்கும்?" என்று சிரித்தார். வெற்றிலையை வாங்கவில்லை.

அரசர் காலத்தில் சியாமிலிருந்து துறவுப் பட்டம் வந்தபோது மேல்குலத்தார் அதைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். விடுபட்டவர்கள் கப்பலேறிப் பர்மாவுக்குப் போய் வாங்கி வந்தார்கள். எமலின் பஸ் ஏறினாள், அவ்வளவுதான் வித்தியாசம். தெற்குக் கடற்கரையில் குலம் கேட்காத விகாரை ஒன்றில் மகனை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

பதினாலு வருஷம் கழித்து அந்த மகன், தம்மசிறி சாமியாக, மழைக்காலத் தவமிருக்க ஊர்க் குன்றுக் குடிலுக்கு வந்தார்.

அந்த மழையிலேயே ஹேரத் பண்டாவின் செத்துப்போன அம்மாவுக்கு மூன்றாம் மாசத் தானம். நாலு சாமிமாராவது உட்கார்ந்தால்தான் அது சங்கத்துக்குக் கொடுத்த தானம். புண்ணியம் செத்தவளுக்குப் போய்ச் சேரும். விகாரையில் இருந்ததே நாலு பேர். அதில் ஒருவருக்கு விடிந்ததும் காய்ச்சல். உச்சிப் பொழுதுக்கு மேல் சாமிமார் சாப்பிட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் குன்றுக்கு ஆள் போனது.

பின்சா மேளத்தோடு முன்னே வர, நாலு பேரும் வந்தார்கள். தானம் கொடுப்பவர்தான் வாசலில் மண்டியிட்டுக் கால் கழுவ வேண்டும். கடைசிச் சாமி அமரும்வரை மேளம் ஓயக் கூடாது.

மூன்று பேரின் கால்களை ஹேரத் பண்டா கழுவினார். நாலாவது கால்கள் படிக்கல்லில் வந்து நின்றதும் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகனே, இந்தா செம்பு. முதுகு பிடிச்சுக்கிச்சு."

முற்றத்தில் நின்ற எமலின், புருஷனின் காதருகே போனாள். "நிறுத்து."

"பாவம்டி."

"பாவத்த நான் அனுபவிச்சுக்கிறேன். நிறுத்துன்னா நிறுத்து."

மேளம் நின்றது. முற்றத்துச் சனம் மொத்தமும் வாசலைத் திரும்பிப் பார்த்தது.

"என்னவாம், அம்மாவுக்குப் புண்ணியம் வேணாமாமா?" அடுப்படியிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

ஹேரத் பண்டா செம்பைத் திரும்ப வாங்கினார். மண்டியிட்டார். விரல் விரலாகக் கழுவித் துடைத்து, நெற்றி தரையில் பட வணங்கினார். எமலின் கண் இமைக்கவில்லை. அந்த வழுக்கைத் தலை நிமிர்ந்த பிறகுதான் புருஷன் முதுகில் தட்டினாள். மேளம் மறுபடி முழங்கியது.

தானம் முடிந்து சாமிமார் இறங்கியபோது அவளும் மகன் காலில் விழுந்து வணங்கினாள்.

"உபாசகம்மா, மேளம் ஏன் நின்னுச்சு?" இல்லறப் பெண்களைச் சாமிமார் அழைப்பதுபோலவே அவளையும் அழைத்தார்.

"மழை ஈரத்துல தோல் தொய்ஞ்சிடுச்சு, சாமி."

பொய் சொல்லமாட்டேன் என்று காலையில்தான் சீலம் எடுத்திருந்தாள். தம்மசிறி சாமி தகப்பனின் மேளத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இனி தொய்யக் கூடாது."

"தொய்யாது, சாமி. தொய்யறதுக்கு இனி வேலையில்ல."

எல்லோரும் போன பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாக மென்றாள். ஹேரத் பண்டாவின் வேலியோரம் சிவக்கச் சிவக்கத் துப்பிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.