விளக்கு வைத்த பிறகு லாரி எடுக்காத அப்பா

லாரி டிரைவர் ஒருவர் தன் முதலாளிக்கு லீவு லெட்டர் எழுதி நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

எங்கள் அப்பா எழுதினார். எனக்குக் காது குத்தியபோது, முழுத்தாளை நெடுக்கில் மடித்து, இடது பக்கம் மார்ஜின் விட்டு, "உயர்திரு லாரி உரிமையாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிந்துள்ள ஓட்டுநர்" என்று முடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய முதலாளி லப்பைக்குடிகாட்டுக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்போம். பாய் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் என்னப்பா பண்ணணும்?" என்று கேட்டாராம்.

"சாங்ஷன் பண்ணணுங்க."

"நாளைக்கு வரலன்னு வாயால சொன்னா ஆவாதா?"

"வாயால சொன்னா அது லீவு இல்லீங்க, மட்டம்."

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் முதல் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவானது. நான் காலேஜ் முடித்தவள், டைப்பும் தெரியும், தட்டித் தள்ளிவிடுவேன் என்பது அவர்கள் கணக்கு. "மண்ணுலக வாழ்வை நீத்து" என்று ஆரம்பித்தால் எடுப்பாக இருக்கும் என்றார் பெரியப்பா. மன்னிக்கவும் பெரியப்பா. வீட்டைத் தவிர வேறெந்த உலகத்துக்கும் போக அப்பா ஆசைப்பட்டதே இல்லை. அந்த ஆசைக்காக அவர் ஒரு நாற்காலியை விட்ட கதையைத்தான் எழுதப் போகிறேன். உறவினர்களில் பாதிப் பேர் அதை இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரியும். சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

அப்பா பிறந்தது வாலிகண்டபுரத்தில். அவருடைய பெற்றோருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் கிடையாது. பிறர் வயலில் நட்டு, பிறர் வயலில் அறுத்து அவரை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார்கள். அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றின் ஆபீசில் அவருக்குக் கிளார்க் வேலை கிடைத்தபோது, அவர் உட்காரும் நாற்காலியைப் பார்ப்பதற்கென்றே ஊரிலிருந்து ஒரு கூட்டம் பஸ் ஏறி வந்தது. பெரியப்பா அதைத் தடவிப் பார்த்து, "கைப்பிடி வச்ச நாற்காலிடா" என்றாராம். எங்கள் வம்சத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பா.

அம்மாவின் ஊர் ரஞ்சன்குடி. அம்மாவின் அப்பா, அதாவது எங்கள் தாத்தா, லாரி டிரைவர். பம்பாய், நாக்பூர் என்று போனால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அம்மா சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் வாசலில் வந்து நின்ற தாத்தாவிடம், "அப்பா வூட்ல இல்லீங்க, லோடுக்குப் போயிருக்காரு" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பப் பார்த்தாராம். அதற்குப் பிறகு தாத்தா ஒரு முடிவுக்கு வந்தார். தன் மகளை யாருக்குக் கொடுத்தாலும் லாரிக்காரனுக்கு மட்டும் கொடுப்பதில்லை. அம்மாவும் ஒரு முடிவுக்கு வந்தார். பெண் பார்க்க வந்த அன்று, கதவுக்குப் பின்னால் நின்றபடி அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெளக்கு வைக்கற நேரத்துக்கு வூட்டுக்கு வந்துருவீங்களா?"

"ஆபீசு அஞ்சு மணிக்கு முடிஞ்சிருதுங்க" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அப்பா பொய் சொல்லவில்லை. ஆபீஸ் ஐந்து மணிக்குத்தான் முடிந்தது. ஆபீசர்தான் முடியவில்லை. அந்த ஆபீசரின் வீட்டுக்கு அவருடைய மாமியார் வந்து நிரந்தரமாகத் தங்கியிருந்தார். அந்த அம்மாள் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் ஆபீசருக்கு வீட்டுக்குப் போகத் தைரியம் வரும். அதுவரை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பழைய ஃபைலைப் புரட்டுவார். ஆபீசர் எழாமல் கிளார்க்குகள் எழக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஆகவே யாரோ ஒரு மாமியார் தூங்குவதற்காக எங்கள் அப்பா தினமும் கைப்பிடி வைத்த நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். அவர் வீடு வரும்போது நான் தூங்கியிருப்பேன். கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் காணப்படும் அந்த மனிதரை நான் சில காலம் "மாமா" என்று அழைத்ததாகச் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பொங்கலுக்கு முன் டிரங்குப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

"இதுக்கு நான் எங்கப்பா கொண்டாந்த லாரிக்கார மாப்பிள்ளையவே கட்டியிருப்பேன். அவரு வராதது ஊருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்" என்றார். தாத்தா அப்படி யாரையும் கொண்டுவரவில்லை. கோபத்தில் அம்மாவுக்குக் கணக்கு வழக்கு இருக்காது. "தை மாசம் முடியறதுக்குள்ள வெளக்கு வைக்கற நேரத்துக்கு வரணும். இல்லன்னா நான் ரஞ்சன்குடிக்குப் போறேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு."

அப்பா மிரட்டலைக் கேட்டுப் பயந்தார் என்று நினைக்க வேண்டாம். அவர் யோசித்தார். குவாரி ஆபீஸ் ஜன்னலிலிருந்து அவர் தினமும் பார்த்தது லாரிகளைத்தான். கல் ஏற்றுகிறார்கள், சிமெண்ட் ஆலையில் கொட்டுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். இருட்டினால் குவாரியில் லோடு போட மாட்டார்கள். கொட்டி முடித்த டிரைவரை உட்கார வைத்து யாரும் காவல் காப்பதில்லை. நெடுந்தூர லாரி வேறு, குவாரி லாரி வேறு. தாத்தாவும் அம்மாவும் வெறுத்தது முதலாவதை. ஆனால் "லாரி" என்ற சொல் காதில் விழுந்தாலே அம்மா பெட்டியைத் தூக்கிவிடுவார் என்பதால், இந்த நுணுக்கத்தை அவரிடம் விளக்க அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. மத்தியான இடைவேளைகளில் குவாரி டிரைவர்களிடம் ஓட்டக் கற்றார். திருச்சிக்குப் போய் லைசன்ஸ் வாங்கினார். பிறகு பாய் முன்னால் போய் நின்று, எந்த டிரைவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"வேலை நேரம் என்னங்க?"

"லாரிக்கு ஏதுப்பா நேரம்? டீசல் இருக்கற மட்டும் நேரம்தான்."

விடிந்ததும் வந்துவிடுவதாகவும், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தன்னைக் கேட்கக் கூடாது என்றும், ஞாயிறு விடுமுறை என்றும் அப்பா சொன்னார். பழைய டிரைவர் அடிக்கடி வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்துவிட்டுச் சாயங்கால இருட்டின் மேல் பழி போட்டவர் என்பதால் பாய்க்கும் இது ஒரு வழியாகப் பட்டது. "நேரத்துக்குப் போப்பா. வண்டி நாலு சக்கரத்துல நின்னா போதும், இன்ஷா அல்லா" என்றார்.

இப்படித்தான் அப்பா நாற்காலியை விட்டு லாரி டிரைவரானார். ஆனால் கிளார்க்காக இருப்பதை நிறுத்தவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, கையில் டிபன் கேரியர். டிரைவர் சீட்டின் முதுகில், ஆபீஸ் நாற்காலியில் விரிப்பது போல, ஒரு வெள்ளை டர்க்கி டவல். லாரி குலுங்கிக் குலுங்கிப் பேனா கசிந்து அவருடைய எல்லாச் சட்டைகளிலும் நெஞ்சில் ஒரு நீலக் கறை. இந்த மலரின் அட்டைப் படத்திலும் அது தெரியும்; கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் பதக்கம் மாதிரி இருக்கிறது. மத்தியானம் உணவு இடைவேளை முடியும்வரை அவர் ஹாரன்கூட அடிக்க மாட்டார் என்று கிளீனர் மாமா சொல்வார். கிளீனர் மாமா அப்பாவைவிட வயதில் மூத்தவர். அப்பா அவரை "வாங்க, போங்க" என்றுதான் வேலை வாங்கினார். அப்படி ஒரு டிரைவரை முன்பின் பார்த்திராததால், மாமா முதல் வாரம் முழுக்க அது கிண்டல் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம்.

ஐந்து மணிக்கு லாரியை பாயின் கொட்டகையில் விட்டுவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வந்து, விளக்கு வைக்கும்போது வாசலில் நிற்பார். பெட்டி மறுபடியும் பரணுக்குப் போனது. ஒன்றுதான் இடித்தது. அவர் தலையெல்லாம் வெள்ளைப் புழுதி. "ஆபீசுல வெள்ளையடிக்கறாங்க" என்று அப்பா சொன்னார். தை போய், சித்திரை வந்து, ஆடி வந்தது. வெள்ளையடிப்பு முடியவில்லை. "உங்க ஆபீசு என்ன ரஞ்சன்குடிக் கோட்டையா, இத்தன மாசமா அடிக்கறதுக்கு?" என்று அம்மா கேட்டார். "உள்பக்கம் இன்னும் பாக்கி இருக்கு" என்றார் அப்பா.

ஆடி மாதத்தில் ஒரு நாள், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ தாத்தாவிடம் உங்கள் மாப்பிள்ளை லாரி நன்றாக ஓட்டுகிறாரே என்று பாராட்டிவிட்டார்கள். தாத்தா டீயைப் பாதியில் வைத்துவிட்டு, மகளையும் பேத்தியையும் அழைத்து வந்துவிடுவது என்ற முடிவோடு அரியலூர் பஸ்ஸில் ஏறினார்.

அதே நாள் சிமெண்ட் ஆலை வாசலில் லாரிகளின் வரிசை நகரவே இல்லை. உள்ளே ஏதோ பழுது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற டிரைவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். கொட்டகைக்குப் போய் சைக்கிள் எடுக்க நேரமில்லை. வண்டியைத் திருப்பினார். "லோடு இருக்குங்களே" என்றாராம் கிளீனர் மாமா. "லோடு நாளைக்கும் இருக்கும்" என்றாராம் அப்பா.

அரியலூரில் எங்கள் தெரு அகலமில்லாதது. பெரம்பலூரிலிருந்து வரும் பஸ் அதன் வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். கல் ஏற்றிய லாரியைத் தெருவை அடைத்து வாசலில் நிறுத்திவிட்டு, அப்பா கை கால் கழுவி உள்ளே போனார். அம்மா விளக்கை ஏற்றிவிட்டு வெளியே பார்த்தார். லாரி. கல். டர்க்கி டவல். அப்பாவைப் பார்த்தார். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

பின்னால் பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் தாத்தா. லோடு வண்டியை இப்படி நிறுத்தியிருப்பதைக் கண்டதும் அவருக்கு வந்த வேலையே மறந்துவிட்டது.

"எவன்டா அவன், தெரு நடுவுல லோடோட போட்டுட்டுப் போனவன்?" என்று கத்திக்கொண்டே வந்து கதவைத் திறந்து பார்த்தார். "சீட்டுல துண்டு போட்டு வச்சிருக்கான் பாரு, கலெக்டராட்டம்."

காப்பி டம்ளரோடு அப்பா வாசலுக்கு வந்தார். "வாங்க மாமா. உள்ள வாங்க."

"மாப்ள... வண்டி உங்களுதா?"

"ஆமாங்க மாமா. வேலை நேரம் முடிஞ்சிருச்சு. காப்பி சாப்புடுங்க."

"யோவ், காப்பிய அப்பறம் குடிங்கய்யா, வண்டிய எடுங்க" என்றார் பஸ் டிரைவர். ஜன்னல்களில் எல்லாம் தலைகள்.

அப்பா அசையவில்லை. "வெளக்கு வச்சாச்சுங்க. இனிமே வண்டிய தொட மாட்டேன். இவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். காலையில எடுத்தர்றேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவையும், வாசலில் எரிந்த விளக்கையும், அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விட்டு எத்தனையோ வருடமான ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். கிளீனர் மாமா பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுக்க, அவ்வளவு கல்லையும் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, பக்கத்துக் காலிமனையில் செருகினார். பஸ் போய்விட்டது. தாத்தா இறங்கவில்லை.

அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு லாரியிடம் போனார். என்னை இடுப்பில் வைத்திருந்தார்.

"வெளக்கு வைக்கற நேரத்துக்கு வண்டிய நிறுத்திடலாம்னு எனக்கு ஒரு நாளும் தோணலியேம்மா" என்றார் தாத்தா, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "யாரும் சொல்லவும் இல்ல."

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ப்பா" என்றார் அம்மா. "காப்பி ஆறுது. என்னக் கூப்புடத்தான் வந்தீங்கன்னு தெரியுது, நான் வரல. நீங்க இருந்துட்டு காலையில போங்க."

பிறகு உள்ளே வந்து அப்பாவிடம் கேட்டார், "வெள்ளையடிச்சு முடிஞ்சுதா?"

"இன்னியோட முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அப்பா கடைசி வரை பாயின் வண்டியைத்தான் ஓட்டினார். என் காதுகுத்து, என் காலேஜ் எல்லாம் அந்த லாரியில் வந்தவை. கடைசி நாட்களில் திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அவர் மாறவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் சொல்வதற்கு முன்பே, "மணியாச்சு, எல்லாரும் வூட்டுக்குக் கெளம்புங்க" என்று எங்களை விரட்டுவார். நீங்கள் பலர் அப்படி விரட்டப்பட்டவர்கள். கோபித்துக்கொள்ளாமல் மறுநாளும் வந்தீர்கள்.

அதற்கு நன்றி. லீவு லெட்டர்களில் கடைசி வரை பச்சை மையில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பாய்க்கு நன்றி. ஆஸ்பத்திரி வராண்டாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த கிளீனர் மாமாவுக்கு நன்றி. அந்தப் பஸ் டிரைவர் இதைப் படித்தால் அவருக்கும். நாற்காலியை இன்னும் மறக்காத பெரியப்பாவுக்கு, இன்றைய பந்தி முழுக்கப் பொறுப்பேற்றதற்காக, எல்லோரையும்விட அதிகமாக.

அப்பா போனதிலிருந்து தாத்தா எங்களோடுதான் இருக்கிறார். இப்போது அம்மா விளக்கு வைத்துவிட்டார். தாத்தா வீட்டில் இருக்கிறார்.