ஆடிக் காரில் ஏறி வந்தவள்

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னால் தையல்கடை வைத்திருக்கும் கேதீஸ்வரிக்குப் பாட்டு இல்லாமல் ஊசியில் நூல் கோக்க வராது. கடையைத் திறந்ததும் முதலில் வானொலி. சாமிப்படத்துக்கு விளக்கு அதற்குப் பிறகுதான். பாட்டைக் கேட்பதோடு நிற்கவும் மாட்டாள். சட்டை அளவெடுக்க வந்தவர்களுக்கும் வரிக்கு வரி பொருள் சொல்லி அனுப்புவாள். கடைவாசலில் ஓட்டோவை நிறுத்தி ஆள் பார்த்திருக்கும் பிரகலாதனுக்கும் அதே வியாதி. இரண்டு பேரும் ஒரே இசையமைப்பாளரின் ரசிகர்கள். ஆனபடியால் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

போன வைகாசியில் வந்த ஒரு படப்பாட்டு அந்தச் சண்டையை முற்ற வைத்தது. “ஆடிக் காரில் ஏறி வந்தாய்” என்று தொடங்கும். பாடியவருக்குத் தமிழ் தெரியாது. வாய்க்குள் கற்கண்டை ஒதுக்கி வைத்துக்கொண்டு பாடியதுபோல் இருந்தது.

“கார் எண்டால் முகில். ஆடி மாசத்து முகிலிலை ஏறி வாறாள்” என்றாள் கேதீஸ்வரி.

“ஆடியிலை எங்கையக்கா முகில்? சோளகக் காத்தும் புழுதியுந்தான். உது ஆடிக் கார். முன்னுக்கு நாலு வளையம் போட்டிருக்குமே, அந்த ஜெர்மன் கார்.”

“பாட்டு எழுதினது எங்கடை கரவெட்டியிலை இல்லை, தமிழ்நாட்டிலை. அங்கை ஆடிச் சாரல் எண்டு ஒண்டு இருக்கு.”

“அங்கை ஆடியிலை புதுப் பொம்பிளையைத் தாய்வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். பிறகு என்னெண்டு அவள் வாறது?”

“அதாலைதான் முகிலிலை களவாய் வாறாள்.”

படக்கம்பனி பாட்டை எழுத்தோடு வெளியிட்டபோது இருவரும் ஒரே கைபேசியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். வரிகள் பிழைபிழையான இங்கிலீசு எழுத்தில் ஓடின. மாதமா, மோட்டாரா என்று அதில் பிரித்தறிய வழியில்லை. இருவரும் வென்றதாகவே எழும்பிப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் கலியாணம் நிச்சயமான சாருஜா தன் கூறைச் சேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்தாள். மாப்பிள்ளை லக்ஷன் பாரிஸ் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையற்காரன்.

“முதுகுப் பக்கம் எங்கடை பாட்டு வரவேணும், அன்ரி. அவர் எனக்கு முதன்முதல் அனுப்பின பாட்டு. ஆடிக் கார். தெரியுந்தானே?”

“எனக்குத் தெரியாததோ பிள்ளை” என்றாள் கேதீஸ்வரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று கிழமை கண்ணைக் கொடுத்து, வெள்ளியும் நீலமுமாக நூலோட்டி, முதுகு நிறைய முகில் திரள வைத்தாள். அவள் கையால் அப்படியொரு வேலை அதற்கு முன் வந்ததில்லை.

சட்டையைப் போட்டுப் பார்த்த சாருஜா கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள்.

“அன்ரி, கார் எங்கை?”

வாசலில் நின்ற பிரகலாதன், “நான் அப்பவே சொன்னனான்” என்றான். கலியாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. பெண் முக்காலியில் அமர்ந்து அழத் தொடங்கினாள்.

“அழாதை பிள்ளை. மாப்பிள்ளையிட்டை அந்தக் கார் நிக்குதோ?”

“இல்லை. அவர் வேலைக்கு மெற்றோவிலைதான் போறவர்.”

“பிறகேன் கார்?”

“பாட்டிலை இருக்கெல்லோ.”

கேட்டுவிடுவதே மேல் என்று சாருஜா அங்கிருந்தபடியே லக்ஷனுக்கு அழைப்பெடுத்தாள். அங்கே மத்தியானச் சமையல்; சட்டி உருளும் சத்தத்துக்குள் அவன் குரல் வந்தது.

“லக்ஷன், அந்தப் பாட்டிலை ஏறி வாறது காரிலையோ, முகிலிலையோ?”

“என்ன காரோ? ‘ஆடி, காதில் ஏறி வந்தாய்’ எண்டெல்லோ பாடுறான். தோடு ஆடி ஆடிக் காதிலை ஏறுது. அதுக்காகத்தானே உமக்குச் சிமிக்கி அனுப்பினனான்.”

சாருஜா அழுகையை நிறுத்தினாள். அந்தச் சிமிக்கி பிறந்தநாளுக்கு வந்ததென்றல்லவா அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். கண்ணீரோடு ஒரு சிரிப்பு வந்தது. பிறகு நிற்காமல் வந்தது.

பிரகலாதன் தலையைச் சொறிந்தான். “தோடு எண்டாலும் ஒரு ஞாயம் இருக்குத்தான்.”

பாட்டு விஷயத்தில் தனக்குக் காது பிழைத்திருக்கலாம் என்று கேதீஸ்வரி நினைத்தது அன்றுதான். வானொலியை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல், முகிலுக்குக் கீழே பொன்நூலில் இரண்டு சிமிக்கிகளைத் தொங்கவிட்டாள். பிரகலாதன் ஒரு சின்ன வளையமாவது போடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் இசையவில்லை.

கலியாணப் படங்கள் முகநூலில் ஏறி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு தாய் மகளோடு கடைக்கு வந்தாள்.

“முதுகிலை கோலிபிளவர் நிறையப் பூத்து, அதிலை சிமிக்கி தொங்குமே, அந்த வேலைப்பாடு நீங்கள்தானோ செய்தது? இவளுக்கும் அப்பிடி ஒண்டு வேணும்.”

வாசலில் பிரகலாதனுக்கு இருமல் வந்தது. கேதீஸ்வரி அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, அந்தப் பெண்ணின் முதுகைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எத்தினை கோலிபிளவர் போடுறது, பிள்ளை?”