நல்ல தண்ணி குடித்த கார்

எங்கள் கிணற்றுத் தண்ணீரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நீர்வேலியில் எங்கள் வளவுக் கிணறு முதலாவது வகை. உப்புத் தண்ணிக் கிணற்றுக்காரர் பிளாஸ்ரிக் கானோடு எங்கள் படலையைத் திறந்து வரும்போதெல்லாம், அந்தக் கிணற்றை நானே பெற்று வளர்த்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். தேத்தண்ணி குடிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ருசியைப் பற்றி மனைவிக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்வேன். அந்தத் தண்ணீரைத்தான் என் காருக்கும் வார்த்தேன்.

கார் ஜப்பானில் செய்தது, என் மகளைவிட வயதில் மூத்தது. கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. மகள் கலியாணம் கட்டிப் போய்விட்டாள், மனைவியை அதட்டுகிற துணிவு எனக்கு ஒருகாலமும் இருந்ததில்லை. மிஞ்சியது கார். அதுவும் அதட்டினால் கேட்கிற பிள்ளையில்லை. கோண்டாவில் தாண்டினால் போதும், எஞ்சின் கொதித்து முள் சிவப்பில் போய் நிற்கும்.

மருதனார்மடத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னிடம் படித்தவர், கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். இப்போது அவருக்கே தலை நரைத்துவிட்டது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னார்.

“சேர், இதுக்குக் கிணத்துத் தண்ணி விடாதேங்கோ. கூலன்ற் விடுங்கோ.”

“என்ன கண்டறியாத கூலன்ற்? பச்சைச் சாயத்தைக் கரைச்சுப் போத்திலிலை அடைச்சு வச்சிருக்கிறாங்கள். எங்கடை கிணறு நல்ல தண்ணிக் கிணறு, தெரியுமோ?”

“நல்ல தண்ணிதான் சேர்…” என்று அவர் இழுத்தார். மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை. பின்னத்தைச் சுருக்கத் தெரியாதவன் எனக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கிறானே என்று புறுபுறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நானே மெக்கானிக். கைப்பேசியில் படம் பார்த்துப் பழகினேன். வெடித்த குழாய்க்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டி வரிந்து கட்டினேன். தேர்மோஸ்ரற் என்ற உறுப்பைக் கழற்றிப் பார்த்தேன். அது என்ன வேலை செய்கிறது என்று பிடிபடவில்லை, ஆகவே திரும்பப் பூட்டவில்லை. ஒழுக்கை அடைப்பதற்கு ஒரு படத்தில் ஒருவர் ஹிந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூளைக் கொட்டினார். எனக்கு ஹிந்தி தெரியாது, ஆனால் மஞ்சள் தெரியும். குசினிக்குள் போய்ப் போத்திலோடு எடுத்துவந்து கொட்டினேன். மறுநாள் காரின் கீழே முற்றமெல்லாம் மஞ்சள் தண்ணி.

“என்ன, கார் பெரியபிள்ளையாகிட்டுதோ, சாமத்தியச் சடங்கோ?” என்றாள் மனைவி. “சொல்லியிருந்தா பலகாரம் சுட்டிருப்பன்.”

இந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணை கனடாவிலிருந்து வருகிறார் என்று செய்தி வந்தது. சென்னைக்கு வந்து, அங்கிருந்து பலாலிக்கு நேரே பிளேனில். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் அவர் புறப்பட்ட அன்று இவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சொன்னால் அழுவாள் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. பின்னேரம் வந்து பார்த்தால் அண்ணையின் சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றதாம். அந்தக் கதையை அவள் என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொல்லியிருக்கிறாள்.

“அவர் போகேக்கை நான் நிக்கேல்லை,” என்றாள். “வரேக்கையாவது வாசல்லை நிக்கவேணும். வேறையொண்டும் எனக்கு வேண்டாம். ஒரு ஓட்டோ பிடிப்பம்.”

“சொந்தக் கார் நிக்க ஓட்டோவோ? மச்சான் என்ன நினைப்பார்? நீர் பேசாமல் ஏறும். டிக்கியிலை அஞ்சு கான் நல்ல தண்ணி வச்சிருக்கிறன்.”

அவள் ஏறினாள். என்னை நம்பித்தான் ஏறினாள், அதுதான் இப்போதும் சுடுகிறது.

புன்னாலைக்கட்டுவன் தாண்டியதும் முள் ஏறத் தொடங்கியது. நான் பாட்டுப் போட்டு அவளுடைய கவனத்தைத் திருப்பப் பார்த்தேன். இரண்டு பாட்டு முடிவதற்குள் பொனற்றின் இடுக்கால் புகை கிளம்பி, முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. இறங்கித் திறந்தால், ரியூப் கட்டிய இடத்தில் குழாய் பிளந்து கிடந்தது. கானைக் கவிழ்க்க, வார்த்த தண்ணீர் எல்லாம் வார்த்த வேகத்திலேயே றோட்டுக்கு வந்தது. அட கோதாரி! றோட்டில் ஓட்டோ ஒன்றையும் காணவில்லை. பிளேன் இறங்குகிற நேரமும் ஆகிவிட்டது.

மனைவி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். பீற்றூட் மூட்டைகளோடு ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு மெஷின் பின்பெட்டியை இழுத்துக்கொண்டு டக்குடக்கென்று வந்தது. அவள் நடுறோட்டில் நின்று கையை நீட்டினாள்.

“தம்பி, பலாலிப் பக்கமோ? அண்ணை வாறார். பிளேன் வந்திடும்.”

“ஏறுங்கோ அக்கா, வாசல்லையே விடுறன்.”

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூட்டைகளின் மேல் ஏறி இருந்துவிட்டாள். நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகத்தில் அது போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வெங்காயத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வெறுங்கானோடு அவரிடம் போனேன். அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா கிடக்கவில்லை.

“உங்கடை கிணறு நல்ல தண்ணியோ?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குடிக்கவோ அண்ணை, காருக்கோ?”

கையிலிருந்த கானைக் கீழே வைத்தேன். இப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்கு அதுவரை தெரியாது.

கடைசியில் மருதனார்மடத்துக்குத்தான் போன் அடித்தேன். என் மாணவர் வந்து, பிளந்த குழாயை உருவித் தட்டினார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் செதில் கொட்டியது. “ரேடியேற்றர் முழுக்க இதுதான் சேர். வாய்க்கு நல்ல தண்ணி, இதுக்குக் கல்லுத் தண்ணி. அண்டைக்குச் சொல்ல வந்தனான்…” என்றார். இந்த முறை முழுவதையும் கேட்டேன்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வர, மச்சான் எங்களுடைய விறாந்தையில் இருந்தார். அவர்கள் ஓட்டோவில் வந்துவிட்டார்கள். மனிதர் நல்லவர், என்னைக் கண்டதும் சிரித்துக் கட்டிப்பிடித்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆகா! எங்கடை ஊர்த் தண்ணியின்ரை ருசி வேறை ஒரு இடத்திலையும் இல்லை,” என்றார். பழக்கதோஷத்தில் நான் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தேன்.

மனைவி குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி வைக்கிற கேத்திலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“உள்ளுக்கை பாருங்கோ.”

பார்த்தேன். அடியிலும் சுவரிலும் குழாயிலிருந்து கொட்டிய அதே வெள்ளைக் கல்லு.

“கிழமைக்கு ஒருக்கா தேசிக்காய்ப் புளி விட்டுச் சுரண்டுறனான். அண்ணை வாற அவதியிலை இந்தக் கிழமை ஏலாமல் போச்சு.”

“ஏனப்பா, எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீங்கள் தண்ணியைப் புகழ்ந்து முடியட்டும் எண்டு நிண்டனான். முப்பது வருசமா முடியேல்லை.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நான் பலாலிக்குப் போய்ச் சேரேக்கை எல்லாரும் போயிட்டினம். அண்ணை சூட்கேசுக்கு மேலை தனிய இருந்தவர்.”

மச்சான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கேத்திலையும் இரண்டு தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் குந்தினேன். இருட்டும்வரை சுரண்டியும் பாதிதான் போயிற்று.